இரண்டு மழை பார்த்துக் கட்டிய வீடு

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்கும் திற்பரப்புக்கும் நடுவே, ரோட்டிலிருந்து கொஞ்சம் இறங்கிப் போனால் ஒரு பழைய ரப்பர் விளை, அதாவது தோட்டம். அதில் 14 செண்ட் நிலத்தில், 870 சதுர அடியில், 2023 மாசி மாதம் பால்காய்ச்சு (புதுமனை புகுவிழா) நடந்த வீடு இது. கட்டியது என் சித்தப்பா மகளும் அவள் வீட்டுக்காரரும். கட்டியது என்றால் பணம் கொடுத்துச் சாவி வாங்கியது அல்ல. கொத்தனார், ஆசாரி, கம்பி கட்டுகிறவர்கள் என்று தொழில் தெரிந்தவர்களை நாள்கூலிக்கு வைத்துக்கொண்டு, மண் வேலை, கல் சுமப்பது, நனைப்பது, கணக்குப் பார்ப்பது எல்லாவற்றையும் இருவரும் தாங்களே செய்தார்கள். நான் சிவில் டிப்ளமோ படித்தவன். கட்டட மேற்பார்வைதான் பிழைப்பு. இந்த வீட்டுக்கு யோசனை சொல்லும் ஆளாக ஆரம்பத்திலிருந்து கூட இருந்தேன்.

இதில் சரியாக நடந்தவை பல. தவறாக நடந்தது ஒன்று. அந்தத் தவறில் எனக்கும் பங்கு இருப்பதால் அதை ஒளிக்காமல் எழுதுகிறேன். மொத்தச் செலவை மட்டும் எழுத வேண்டாம் என்று தங்கை கேட்டுக்கொண்டாள். ஆகவே ரூபாய்க் கணக்கு இங்கே இருக்காது.

மச்சான் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனால், பால் எடுத்து ஒப்படைத்துவிட்டு முற்பகலிலேயே வீடு திரும்பிவிடுவார். தங்கை அண்டியாபீஸில் கணக்கு எழுதுகிறாள். முந்திரி ஆலையைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். எதையும் நோட்டில் எழுதிவைக்கும் அவளுடைய பழக்கம் இந்தக் கதையில் பிறகு முக்கியமாகிறது.

நிலமும் பத்திரமும்

2021 ஜனவரியில் கிரயம் முடிந்தது. பத்திரம் பார்ப்பதில் எங்கள் மாவட்டத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த மண். பழைய மூலப்பத்திரங்கள் பலவும் மலையாளத்தில்தான் இருக்கும். இவர்களுக்கு வந்ததும் அப்படி ஒன்று. மலையாளம் வாசிக்கத் தெரிந்த பழைய பத்திர எழுத்தர் ஒருவரைத் தேடிப் பிடித்து, நான்கு எல்லையையும் வரிவரியாகத் தமிழில் எழுதி வாங்கி, புலப்படத்தோடு (சர்வே வரைபடம்) ஒத்துப் பார்த்தார்கள். அப்போதுதான் கீழ் எல்லையில் விற்றவர் காட்டிய கையாலை (எல்லை மண்சுவர்), ஓடைப் புறம்போக்குக்குள் நான்கடி இறங்கி நிற்பது தெரிந்தது. அந்த நான்கடியை விட்டுவிட்டு அளந்தே வாங்கினார்கள். இல்லாத இடத்துக்குப் பணம் கொடுக்காமல் தப்பியது மட்டுமல்ல, ஓடைக்கு அதன் அகலம் மிஞ்சியது. பின்னால் வந்த மழையில் அந்த நான்கடி யாருக்கு உதவியது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மனை வரன்முறைக்கும் ஊராட்சி அனுமதிக்கும் நடந்த நடையை நீட்டவில்லை. இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். அங்கீகாரமில்லாத மனைகளுக்கான 2017-ஆம் ஆண்டு வரன்முறை விதிகள் 2016 அக்டோபர் 20-ஐ வரம்புத் தேதியாக வைத்திருக்கின்றன. விளையிலிருந்து துண்டு பிரித்து விற்கிறார்கள் என்றால், அந்தத் துண்டு அந்தத் தேதிக்கு முன் தனியாகப் பதிவாகியிருக்கிறதா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே பாருங்கள். அடுத்தது, 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் உடனடி அனுமதி கிடைப்பது 2,500 சதுர அடி வரையிலான மனைக்குத்தான். அதாவது ஏறத்தாழ ஐந்தே முக்கால் செண்ட். எங்கள் பக்கத்தில் பத்து, பதினைந்து செண்ட் விளைத்துண்டு வாங்குகிறவர்களுக்கு அது பொருந்தாது; வழக்கமான வழியில்தான் போக வேண்டும்.

ஒரு வருடம் சும்மா இருந்தது

வாங்கிய பிறகு ஒரு முழு வருடம் அந்த நிலத்தில் ஒரு கல்லும் வைக்கவில்லை. முதல் காரணம் பணம்தான். போட்டிருந்த சிட்டி (சீட்டு) விழவில்லை. ஆனால் காத்திருந்த காலத்தை அவர்கள் வீணாக்கவில்லை. கீழ்வீட்டுப் பாட்டி ஒருவர், வாங்கின முதல் வாரமே தங்கையிடம் சொன்னாராம்: "மக்களே, வெள்ளம் வாற வழிய மொதல்ல பாரு. வீடு பொறவு வைக்கலாம். இடவப்பாதி சொவர நனைக்கும், துலாமழ தரைய அறுக்கும்."

இந்த ஒரு வாக்கியத்துக்குள் எங்கள் மாவட்டத்தின் மழை முழுவதும் இருக்கிறது. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும் (இடவப்பாதி) அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையும் (துலாமழை) இரண்டுமே இங்கே உண்டு. முதலாவது காற்றோடு சாய்ந்து, நாள்கணக்கில் விடாமல் மேற்குச் சுவரில் அடிக்கும். இரண்டாவது சாயங்காலம் இடியோடு இறங்கி, அரைமணி நேரத்தில் தரையை வாரிக்கொண்டு போகும். முன்னதற்குக் கூரையும் சுவரும் பதில் சொல்ல வேண்டும். பின்னதற்கு நிலம் பதில் சொல்ல வேண்டும். வீட்டு வரைபடம் போடுகிறவர்கள் பெரும்பாலும் முதல் மழையை மட்டும் நினைத்துச் சன்ஷேடு போடுகிறார்கள். இரண்டாவதற்கு வரைபடத்தில் இடமே இருப்பதில்லை.

தங்கையும் மச்சானும் ஒவ்வொரு பெரிய மழைக்குப் பிறகும் குடையோடு போய்ப் பார்த்தார்கள். வெள்ளம் நுழைகிற இடத்தில் ஒரு குச்சி, வெளியேறுகிற இடத்தில் ஒரு குச்சி. வீடு திரும்பியதும் அவள் நோட்டில் ஒரு படம். 2021 நவம்பரில் மாவட்டம் முழுக்க வெள்ளம் சூழ்ந்த அந்த வாரத்தில், இவர்கள் சிட்அவுட் (முன்திண்ணை) வைக்க நினைத்திருந்த இடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் போட்டுக் கொடுத்த முதல் வரைபடத்தை அன்றே மடித்து வைத்துவிட்டோம்.

ரப்பர் நிலத்தின் உள்ளே

ரப்பர் விளையில் வீடு வைக்கிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. சரிவில் ரப்பர் வைக்கும்போது படிப்படியாகத் தட்டு வெட்டுவார்கள்; பிளாட்பாரம் என்று சொல்வது வழக்கம். ஒவ்வொரு தட்டிலும் உள்பாதி, வெட்டியபின் மிஞ்சிய இயல்பான நிலம். வெளிப்பாதி, அங்கே வெட்டி எடுத்த மண்ணை இழுத்துப் போட்ட நிரப்பு. மேலே நின்று பார்த்தால் இரண்டும் ஒரே சமதளம். கடப்பாரையைப் போட்டால்தான் வித்தியாசம் தெரியும். இந்த இரண்டுக்கும் குறுக்கே அஸ்திவாரம் போட்டால், வெளிப்பக்கம் மெல்லத் தாழும், உள்பக்கம் நிற்கும், சுவர் நடுவில் கோணலாக வெடிக்கும். அப்படி வெடித்த வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சிமெண்டைக் குறை சொல்லி, கொத்தனாரைக் குறை சொல்லி, கடைசிவரை மண்ணைப் பார்க்கமாட்டார்கள்.

2022 ஜனவரியில் மச்சான் ஒற்றை ஆளாக நான்கு இடத்தில் ஐந்தடி ஆழக் குழி எடுத்தார். உள்பக்கக் குழி இரண்டிலும் இரண்டடிக்குக் கீழே கெட்டியான செம்பாறைச் சரளை, கடப்பாரை தெறித்தது. வெளிப்பக்கக் குழிகளில் ஐந்தடியிலும் பொலபொலவென்று நிரப்பு மண், இடையே கரிந்த வேர். வீட்டைப் பத்தடி உள்ளே, மேட்டுப் பக்கமாகத் தள்ளுவது என்று முடிவாயிற்று. அந்த முடிவு சரிதான். இன்றும் அதையே சொல்வேன். ஆனால் உள்ளே தள்ளியதால் பின்பக்க மேட்டை ஆறடி உயரத்துக்கு வெட்ட வேண்டியதாயிற்று. பின்னால் வந்த தொல்லைக்கு வழி அங்கேதான் திறந்தது.

அடுத்தது மரத்தூர்கள். மரத்தை அறுத்துவிட்டுத் தூரை மண்ணுக்குள் விட்டு மேலே நிரப்பிவிடுகிற வழக்கம் இருக்கிறது. ரப்பர் வேர் உளுத்துப்போகும், உள்ளே பொந்து விழும், சிதல் ஏறும். வீட்டுக்கு அடியில் வந்த தூர்களையெல்லாம் ஜேசிபி வைத்துப் பிடுங்கி, குழிகளை அரையடி அரையடியாகச் சரளை மண் போட்டு, நனைத்து, திமிசுக் கட்டையால் இடித்து நிரப்பினார்கள். இடித்தது மச்சான். நனைத்தது தங்கை.

கட்டிய நான்கு மாதம்

பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் இலை உதிர்ந்து பால் குறையும். பல தோட்டங்களில் வெட்டை நிறுத்திவிடுவார்கள். மச்சானுக்கு வருமானம் மெலிகிற காலம் அது. அதே மாதங்கள்தான் இங்கே மழையில்லாத, அஸ்திவாரம் போடத் தோதான காலம். கையில் நாள் இருக்கும்போது காசு இருக்காது, காசு வரும்போது மழை வந்துவிடும். இதைத் தெரிந்தே, கல், கம்பி வாங்கும் பணத்தை முந்தின வருடப் பாலில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைத்திருந்தார்கள். கூலித் தொழிலில் இருக்கிறவர்கள் வீடு கட்டும்போது அவர்களுடைய தொழிலின் காலண்டரையும் மழையின் காலண்டரையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்துத் திட்டமிட வேண்டும் என்பதை இவர்களிடம்தான் கண்டேன்.

முதலில் கிணறு. வீட்டுக்கு மேற்புறம், நிலத்தின் உயரமான மூலையில். கோடையில் தோண்டினால் தண்ணீர் மட்டம் அடியில் இருக்கும். அப்போது ஊறுகிற கிணறு மற்ற மாதங்களில் ஏமாற்றாது. கட்டட வேலைக்கான தண்ணீரும் அதிலிருந்தே கிடைத்தது. கழிவுத்தொட்டியைச் சரிவின் கீழ் மூலையில் வைக்கலாம் என்றேன். எங்கள் கிணற்றுக்கு அது தூரம்தான். தங்கை மட்டும் நாடாவை எடுத்துக்கொண்டு பாட்டி வீட்டுக் கிணறுவரை அளந்துவிட்டு வந்து சொன்னாள்: "அண்ணா, நமக்குத் தூரம். அவியளுக்கு முப்பதடிதான்." குடிநீர்க் கிணற்றிலிருந்து ஐம்பது அடியாவது தள்ளி இருக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நான், வேலிக்கு அப்பால் இருந்த கிணற்றைக் கணக்கில் எடுக்கவில்லை. தொட்டியைக் கிழக்கே மாற்றினோம். குழாய் நீளம் கூடியது, அவ்வளவுதான்.

சுவருக்கு ஆரல்வாய்மொழிப் பக்கத்துச் சூளைச் செங்கல். திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டை நான் சொன்னேன். செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவில் இடைவெளி விட்டுக் கட்டுவது. ஒன்பது அங்குலச் சுவருக்குக் கால்பங்கு செங்கல் மிச்சமாகும், உள்ளே சூடும் குறையும். கொத்தனாருக்குப் பிடிக்கவில்லை. "சாரே, சொவரு உள்ள காலியா இருந்தா ஆணி அடிச்சா நிக்குமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வெளியே தனியாக ஒரு பம்ப் அறை கட்டவேண்டியிருந்தது. அதில் முதலில் கட்டிப் பார்க்கச் சொன்னோம். மூன்றாவது வரிசையில் அவருக்குக் கை பழகிவிட்டது. கல் அளவு ஒன்றுபோல் இல்லாததால் ஆறில் ஒன்றைத் தள்ள வேண்டிவந்தது. தள்ளிய கல்லைத் தரைக்குப் பயன்படுத்தினார்கள். மூலைகள், ஜன்னல் ஓரங்கள், லிண்டலுக்குக் கீழ் வரிசை ஆகியவற்றைக் கெட்டியாகவே கட்டினார். சாரல் அடிக்கிற மேற்குச் சுவர் முழுவதும் கெட்டிக் கட்டு, வெளிப்பூச்சோடு. மற்ற சுவர்களில் பூச்சு இல்லை, இணைப்புப் பூச்சு மட்டும். அதை மச்சானே சாயங்கால வேளைகளில் இழுத்தார்.

சன்ஷேடு பற்றி ஒரு வார்த்தை. வேலை தொடங்கும் முன் இருவரையும் தக்கலை பக்கத்துப் பத்மநாபபுரம் அரண்மனைக்கு அழைத்துப் போயிருந்தேன். 1795-இல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரை திருவிதாங்கூர் மன்னர்கள் இருந்த இடம். மரமும் ஓடுமாக இத்தனை காலம் நிற்பதற்குக் காரணம், செங்குத்தான கூரையும் சுவரைத் தாண்டி நெடுகக் கவிழ்ந்து நிற்கிற இறவாரமும். தங்கை அதைப் பார்த்துவிட்டு வந்து ஒன்றரையடிச் சன்ஷேடை இரண்டரையடியாக்கச் சொன்னாள். மேற்கு ஜன்னல்கள் அயனிமரத்தில் செய்தவை. இதுவரை ஒன்றும் உப்பவில்லை.

மே இரண்டாம் வாரம் மேல் தளம் போட்டோம். நனைப்பு தங்கையின் பொறுப்பு. இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த சிமெண்ட். அதற்குப் பத்து நாளாவது ஈரம் காயக் கூடாது. தளத்தின் மேல் சின்ன வரப்புக் கட்டித் தண்ணீர் நிறுத்தி, ஆபீஸ் போகுமுன் ஒருமுறை, வந்ததும் ஒருமுறை ஏறிப் பார்த்தாள். பதினான்கு நாள். கூலிக்கு ஆள் விட்டிருந்தால் நான்காம் நாளே வராமல் இருந்திருப்பார். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயலில் ஊரெல்லாம் ஷீட் பறந்ததைப் பார்த்தவர்கள் என்பதால், தளத்துக்கு மேல் ட்ரஸ் (ஷீட் கூரையைத் தாங்கும் சட்டம்) போடுவதற்கான ஆங்கர் கம்பிகளைக் கான்கிரீட் போடும்போதே விடச் சொல்லிவிட்டார் மச்சான். வீட்டின் மேல் விழுகிற தூரத்தில் இருந்த இரண்டு மரங்களும் போயின.

விழுந்த கல்கட்டு

இனி அந்தத் தவறு.

வெட்டிய பின்மேட்டுக்குத் தாங்குசுவர் வேண்டும். ஜூனுக்குள் முடிக்கப் பணம் இல்லை. தென்மேற்கு மழை முழுவதும் வெட்டுமுகம் திறந்தே கிடந்தது, சரியவில்லை. அது நின்றதைப் பார்த்து எங்களுக்குத் தைரியம் வந்தது. 2022 செப்டம்பரில் கிடைத்த மழையில்லாத பத்து நாளில், கருங்கல்லும் சிமெண்டுமாக ஆறடி உயரத்துக்குக் கட்டி முடித்தார்கள். நான் அப்போது வேறு ஒரு வேலையாக வெளியூரில் இருந்தேன். தண்ணீர் வடியக் குழாய் வைக்க வேண்டும், அடி அகலம் மூன்றடி வேண்டும் என்று தொலைபேசியில் சொன்னேன். கல் போதாமல் அடி இரண்டடியானது. குழாய் வைத்தால் மண் ஒழுகிவிடும் என்று கல் கட்டினவர் சொல்ல, அதையும் விட்டுவிட்டார்கள். பின்பக்கத்தை, வெட்டி எடுத்த அதே களிப்பான மண்ணைப் போட்டு நிரப்பினார்கள்.

அக்டோபர் மூன்றாம் வாரம் தொடர்ந்து இரண்டு ராத்திரி மழை. இரண்டாம் நாள் விடியுமுன் பன்னிரண்டடி நீளத்துக்குக் கல்கட்டு வயிறு தள்ளி உட்கார்ந்துவிட்டது. அடுக்களைக்கும் அதற்கும் நடுவே நான்கடி சந்து. அங்கே அப்போது யாரும் இல்லை. கல் வந்து அடித்த இடம் அஸ்திவாரத்துக்கு மேல் மட்டம். சுவரில் வெடிப்பு இல்லை.

கணக்கு எளிது. சுவருக்குப் பின்னால் ஆறடி உயரத்துக்குத் தண்ணீர் நிரம்பினால், ஒவ்வொரு மீட்டர் நீளத்தின் மேலும் தண்ணீர் மட்டுமே ஒன்றரை டன்னுக்கு மேல் தள்ளும். மண்ணின் தள்ளல் அதற்கு மேல். வடிய வழி இருந்தால் அந்தத் தண்ணீரின் பாரமே இருக்காது. இதை நான் வரைந்து கொடுத்திருக்க வேண்டும். வாயால் சொன்னது கல்லாகாது.

ஆனால் என்னை உலுக்கியது வேறு. விழுந்த மறுநாள் தங்கையின் நோட்டைப் புரட்டினோம். ஜூலை மாதப் பக்கத்தில் ஒரு வரி: "அடுக்களைக்குப் பின்னால் ஒரு இடம் மட்டும் காயவே இல்லை." ஆகஸ்டிலும் அதே. கல்கட்டு விழுந்தது சரியாக அந்த இடத்தில். மேட்டின் உள்ளிருந்து வருகிற ஊற்று அது. ஒரு வருடம் மழை பார்த்தார்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேனே, அது வெட்டுவதற்கு முன் இருந்த நிலம். மேட்டை வெட்டிய அன்றே அது வேறு நிலமாகிவிட்டது. மேலே ஓடுகிற தண்ணீரை நாங்கள் படித்திருந்தோம். உள்ளே நடக்கிற தண்ணீருக்குக் கதவு திறந்துவிட்டது அந்த வெட்டு. அதைப் படிக்க இன்னொரு மழை வேண்டியிருந்தது. அந்த மழையும் வந்தது. அவள் எழுதியும் வைத்தாள். நாங்கள் இரண்டு ஆண்கள் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை.

திரும்பக் கட்டியது

டிசம்பர் கடைசியில் மழை ஓய்ந்ததும், விழாமல் நின்ற பகுதியையும் சேர்த்துப் பிரித்தோம். அடி மூன்றடி, உச்சி ஒன்றரையடி. முகம் மேட்டுப் பக்கமாக லேசாகச் சாய்ந்து நிற்கும்படி. சுவருக்குப் பின்னால் ஒரு அடி அகலத்துக்கு முழு உயரமும் உடைகல். ஐந்தடிக்கு ஒன்றாக மூன்று அங்குலக் குழாய், மேல் வரிசையும் கீழ் வரிசையும் மாறிமாறி வரும்படி; உள்வாயில் ஜல்லி. மேட்டின் உச்சியில், தண்ணீர் சுவருக்கு வந்து சேருமுன்பே பிடித்துக் கிழக்கே திருப்புகிற ஒரு வாய்க்கால். அது கீழ் ஓடையில், விட்டுக்கொடுத்த அந்த நான்கடியில் போய் விழுகிறது. பழைய கல்லையே பயன்படுத்தினோம். ஆனாலும் கூலியும் கூடுதல் கல்லும் சேர்ந்து, உள்கதவுகளுக்கு வைத்திருந்த பணம் முழுவதையும் தின்றுவிட்டது. தையில் நடக்க வேண்டிய பால்காய்ச்சு மாசிக்குப் போனது. முதல் ஐந்து மாதம் இரண்டு அறைக்கும் துணித்திரைதான்.

2023 டிசம்பர் 17, 18-இல் தென்மாவட்டங்களில் பெருமழை பெய்தபோது இரவு பத்து மணிக்கு மச்சானைக் கூப்பிட்டேன். டார்ச்சோடு பின்சந்தில்தான் நின்றுகொண்டிருந்தார். தங்கை போனை வாங்கி, "எல்லாக் குழாயும் ஓடுது அண்ணா, மூணாவதுதான் மொதல்ல தொடங்கிச்சு" என்றாள். நோட்டில் அதையும் எழுதியிருக்கிறாள். மூன்றாவது குழாய்க்கு நேரே, அது சொட்டுகிற இடத்தில், இப்போது ஒரு மட்டிவாழை குலை தள்ளி நிற்கிறது.